எழுத்துக்கு முந்தியது ஓசை

நமது கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றினுள் காலை வேளையில் நுழைந்து பாருங்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் அகரம் முதலாக எழுத்துக்களை ஒரே குரலில் முழங்கிக் கொண்டிருப்பார்கள். கேட்பதற்கு இன்பமாகவே இருக்கும். ஆனால், சுவரிலுள்ள எழுத்துவரிசையை மறைத்துவிட்டு, புஸ்தகத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டி, 'இதைப் படி' என்று சொன்னால், அம்முழக்கத்தில் பெரும்பகுதி அடங்கிப் போகிறது. பாட்டாகப் பாடிய எழுத்தைத் தனியே கண்டால் பாலன் அறியான். அறிந்தாலும் ஒன்றோடொன்று கூட்டிச் சொல்லாக்க அறியான்.

இது மிகைபடக் கூறுவதன்று. 2022-ம் வருஷத்தில் நமது தேசத்தின் கிராமப்புறங்களில் நடத்தப்பெற்ற 'அஸர்' கல்விக் கணக்கெடுப்பின்படி, ஐந்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க வல்லவர் 42.8 சதவீதத்தினரே. மூன்றாம் வகுப்பில் அத்தகையவர் 20.5 சதவீதத்தினரே. பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்த நோய்க்காலத்தின் விளைவு இதில் உண்டு என்பது மெய்யே. ஆயினும், அதற்கு முன் 2018-ம் வருஷத்தில்கூட ஐந்தாம் வகுப்பின் கணக்கு ஏறத்தாழப் பாதியைத்தான் எட்டியிருந்தது. வாசிக்கத் தெரியாத குடிமகனுக்கு வாக்குச்சீட்டு உண்டு, பத்திரிகை உண்டோ? சட்டம் உண்டோ? தன் பெயரால் எழுதப்படும் பத்திரத்தைத் தானே படித்தறியும் சுதந்திரம் உண்டோ? ஆகவே, இது வாத்தியார்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று. தேசத் தொண்டில் ஈடுபட்டோர் யாவரும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

காரணங்கள் பல. வறுமை ஒன்று; ஆசிரியர் குறைவு ஒன்று. அவற்றைப்பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். பேசாத காரணம் ஒன்றுண்டு. எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுமுன் ஓசையைக் காதுக்கும் நாவுக்கும் காட்டத் தவறுகிறோம் என்பதே அது.

பழந்தமிழர் கண்ட ஒலிநூல்

எழுத்து என்பது யாது? எழுதப்படுவது என்று பலரும் விடை கூறுவர். நமது இலக்கணகாரர்களோ அச்சொல்லால் முதலாவதாகக் குறித்தது ஓசையையே. வரிவடிவம் அதற்கு அடுத்தபடிதான். நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கணங்களுள் மிகப் பழையதாகிய தொல்காப்பியத்தில் 'பிறப்பியல்' என்று ஓர் இயல் முழுவதும் இதற்கென்றே அமைந்திருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் நிலைகளிற் பொருந்திப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு ஓசைகளாகப் பிறக்கும் விதத்தை ஆசிரியர் அங்கே வகுத்துக் காட்டுகிறார்.

நாவின் அடி அண்ணத்தைப் பொருந்தக் ககரமும் ஙகரமும், இடைநாப் பொருந்தச் சகரமும் ஞகரமும், நுனிநாப் பொருந்த டகரமும் ணகரமும் பிறக்கும். இதழிரண்டும் கூடப் பகரமும் மகரமும் பிறக்கும். மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் தோன்றும். நுனிநா மேலெழுந்து வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் வரும். ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு என்று நாவின் தொழிலையே பிரித்து வைத்த நுட்பம் எண்ணி வியக்கத்தக்கது. கருவி எதுவுமின்றி, தன் வாயையே சோதனைச் சாலையாகக் கொண்டு கண்டறிந்த சாஸ்திரம் இது.

வடமொழியிலும் சிக்ஷை என்றும் பிராதிசாக்கியம் என்றும் பெயர் பெற்ற ஒலிநூல்கள் வேதம் ஓதுவோர் பொருட்டு இயற்றப்பட்டன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் இந்நூல்களைக் கற்ற பிறகே அவர்களுடைய ஒலிநூல் புது வழியிற் செல்லலாயிற்று. இதை நாம் வீண் பெருமைக்காகச் சொல்லவில்லை. லண்டன் சர்வகலாசாலையில் பேராசிரியராக விளங்கிய ஜே. ஆர். ஃபர்த் என்பார், இந்திய இலக்கணகாரர்கள் இல்லையேல் தம் நாட்டு ஒலிநூற் பரம்பரையை நினைத்துப் பார்ப்பதே அரிது என்ற கருத்தை 1946-ம் வருஷத்தில் வெளியிட்டார். தமிழ் உச்சரிப்பைப் பற்றி 1934-ல் ஒரு சுருக்க நூல் எழுதியவரும் அவரே. இவ்வாறு பிறர் நம்மிடம் கற்றுக்கொண்ட பாடத்தை நமது முதல் வகுப்பு அறையில் நாம் மறந்துவிட்டோம். பிறப்பியலைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் பொருளாக்கினோமே யொழிய, ஆறு வயதுப் பாலனுக்கு நாவைக் காட்டிச் சொல்லும் உபாயமாக்கினோமில்லை.

குழந்தையின் காது

குழந்தை எப்பொழுது மொழியைக் கற்கத் தொடங்குகிறது? பேசத் தொடங்கும் நாளில் என்று எண்ணினால் தவறு. பேசுவதற்கு வெகுமுன்பே அதன் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

கனடா தேசத்தில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு விஞ்ஞானிகள் செய்த சோதனையின் முடிவு 1984-ம் வருஷத்தில் வெளியாயிற்று. ஹிந்தியில் நுனிநா பல்லைத் தொடும் தகர ஓசையும், வளைந்து அண்ணத்தைத் தொடும் டகர ஓசையும் தனித்தனி. நமக்கும் அப்படியே. ஆங்கிலம் பேசுவோர்க்கு இவ்வேற்றுமை இல்லையாதலால், அவர்களுள் வயது வந்தோர் இவ்விரண்டையும் பிரித்துணர இடர்ப்படுகின்றனர். ஆனால், ஆங்கிலமே பேசும் வீட்டில் பிறந்து ஆறு முதல் எட்டு மாதமான சிசுக்கள் இவ்வேற்றுமையை உணர்ந்தன! பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆனவற்றிலோ அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. தன்னைச் சூழ்ந்தோர் பேச்சில் இல்லாத வேற்றுமையைக் காது ஓராண்டுக்குள் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

நமது ழகரத்தின் கதியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பழம் என்பதைப் 'பளம்' என்றும் 'பயம்' என்றும் கூறும் வீடுகளில் வளரும் பிள்ளையின் காதில் அவ்வோசை விழுவதே இல்லை. விழாத ஓசையை நா எங்ஙனம் பிறப்பிக்கும்? அப்பிள்ளையை எள்ளி நகையாடுவதும், பிரம்பெடுப்பதும் பேதைமை. வழி, வளி, வலி என்னும் மூன்றும் பொருளால் வேறு. வாழையும் வாளையும் வேறு. அரமும் அறமும் வேறு. பனியும் பணியும் வேறு. இவற்றை இணையிணையாகச் சொல்லிக் கேட்பித்து, லகரத்தில் நா பல்லின் பின்னே ஒற்றுகிறது, ளகரத்தில் வளைந்து மேலே தொடுகிறது, ழகரத்தில் வளைகிறதேயன்றித் தொடுவதில்லை என்று ஆசிரியர் தம் வாயைத் திறந்து காட்டினால், சில நாளில் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். சிசுப் பருவத்தில் நழுவியது பாலப் பருவத்தில் முயன்றால் திரும்பக் கூடும். முயற்சிதான் வேண்டும்.

மோனையும் எதுகையும்

ஓசையில் பழகிய காதுக்கும் வாசிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு ஆராய்ந்து நிலைநாட்டப்பட்டது. ஆக்ஸ்போர்டில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்னும் இருவர், இன்னும் படிக்கத் தொடங்காத நான்கு, ஐந்து வயதுப் பாலர் நானூற்றுவரைச் சோதித்தனர். சில சொற்களைச் சொல்லி, அவற்றுள் முதலோசையாலோ ஈற்றோசையாலோ ஒவ்வாத சொல் எது என்று வினவினர். இதிற் சிறந்து விளங்கிய பாலரே சில ஆண்டுகளுக்குப் பின் வாசிப்பிலும் முந்தி நின்றனர். அம்மட்டோ! பின்தங்கிய பாலருள் ஒரு பகுதியார்க்கு ஓசைப் பயிற்சியோடு எழுத்தையும் சேர்த்துக் கற்பித்தபோது அவர்களும் முன்னேறினர். 1983-ம் வருஷத்தில் வெளிவந்தது இவ்வாராய்ச்சி.

இதைப் படிக்கும் தமிழனுக்கு ஒரு நினைவு எழாதா? முதலோசை ஒத்துவருவது மோனை; இரண்டாமெழுத்து ஒத்துவருவது எதுகை. நம் பாட்டிமார் சொன்ன தாலாட்டும், விடுகதையும், தெருவில் பிள்ளைகள் ஆடும்போது பாடும் பாட்டும், நாப்பிறழ வைக்கும் வேடிக்கைத் தொடர்களும் எல்லாம் இவ்விரண்டாலேயே நெய்யப்பட்டவை. எழுத்தறியாத தாய்மாரும் காதைப் பயிற்றும் பள்ளியை வீட்டிலேயே நடத்தி வந்தனர். பள்ளிக்கூடத்தின் வாயிற்படியில் நாம் அப்பொருளை இறக்கி வைத்துவிட்டு, வெறும் சுவர்ப்படத்தோடு உள்ளே நுழைகிறோம்.

பழைய திண்ணைப் பள்ளியில் குறைகள் பல உண்டு. அங்கே எல்லாச் சாதியாரும், பெண்மக்களும் சமமாக இடம் பெற்றாரில்லை, பிரம்பும் மிகுதி. ஆனால், மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டு ஓசையைச் சொல்லும் முறை அங்கிருந்தது. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நமது பாலர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் கைக்கொண்டார். 1797-ல் லண்டனில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து, 'சென்னை முறை' என்ற பெயராலேயே அது இங்கிலாந்தில் பரவிற்று. விரலும் நாவும் காதும் ஒருங்கே தொழிற்படுவதே அதன் மர்மம்.

தமிழ்ப் பாலனின் இடர்கள்

நிற்க. ஓசையை விட்டு வடிவத்தை மட்டும் கற்பிப்பதால் தமிழ்ப் பிள்ளைக்கு நேரும் இடர்கள் எவை என்று சற்றுப் பார்ப்போம்.

முதலாவது, எழுத்தின் தொகை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இவ்வளவையும் தனித்தனிச் சித்திரமாக மனத்தில் ஏற்றுவதென்றால் எந்தப் பிள்ளைதான் மலைக்காது? உண்மையில் கற்க வேண்டிய ஓசைகள் முப்பதே. மெய்யோடு உயிர் கூடும் விதத்தை ஒருமுறை காதால் உணர்ந்துவிட்டால், எஞ்சியவை தாமே விளங்கும்.

இரண்டாவது, வரிவடிவின் ஒழுங்கும் ஓசையின் ஒழுங்கும் மாறுபடுவது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. ஓசையிலோ ககரம் முன்னும் எகரம் பின்னும் ஒலிக்கின்றன. 'கொ' என்பதில் ஒரே உயிரின் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஓசையைப் பிரித்தறியாத பிள்ளை இங்கே தடுமாறுவதில் வியப்பென்ன?

மூன்றாவது, பேச்சும் எழுத்தும் வேறுபடுவது. இலையை 'எலை' என்றும், உடம்பை 'ஒடம்பு' என்றும், குடத்தைக் 'கொடம்' என்றும் சொல்வது தாறுமாறான பிழையன்று. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருமிடத்தில் முதலிலுள்ள இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் பேச்சில் திரிவது ஒரு விதிப்படி நிகழ்வதே. இதை அறிந்த ஆசிரியர், 'நீ வீட்டில் எலை என்கிறாய். புஸ்தகத்தில் இலை என்று எழுதுகிறோம்' என்று இரண்டையும் இணைத்துக் காட்டுவார். அறியாதவர், 'உன் வீட்டுப் பேச்சே பிழை' என்று சொல்லி, பிள்ளையின் வாயை அடைத்துவிடுவார். ஏழை வீட்டுப் பிள்ளைகளே இவ்வாறு பெரிதும் ஊமையாக்கப்படுகிறார்கள் என்பதை நினைக்க நெஞ்சு நோகிறது.

ஆங்கிலப் பள்ளிகளிலோ இடர் இன்னும் பெரிது. அப்பாஷையில் எழுத்து 26. ஓசைகளோ ஏறத்தாழ 44. எழுத்தின் பெயர் வேறு, அதன் ஓசை வேறு. இதனாலேயே எழுத்தின் ஓசையை முறையாகக் கற்பிக்க வேண்டுமென்று அமெரிக்காவில் 2000-ம் வருஷத்திலும், இங்கிலாந்தில் 2006-லும் நிபுணர் குழுக்கள் வற்புறுத்தின. சொந்த மொழியையே அவ்வளவு பாடுபட்டுக் கற்பிக்கிறார்கள் அந்நாட்டார். நாமோ, வீட்டில் அம்மொழியின் ஓசை ஒன்றும் கேட்டிராத மூன்று வயதுக் குழந்தையின் கையில் அதன் எழுத்துவரிசையைத் திணித்து, அது கிளிபோல் ஒப்பிப்பதைக் கண்டு பூரிக்கிறோம். தாய்மொழியின் ஓசையில் காது உறுதிப்பட்ட பிறகு பிறமொழியைக் கற்பதே முறை. ஆங்கிலம் வேண்டா என்பது நம் கட்சியன்று. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டாதீர் என்பதே நம் கட்சி.

எழுத்துக் குறையா?

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். தமிழில் ஒரே ககரம் பல ஓசைகளைத் தருகிறதே, இது குறையன்றோ என்பர் சிலர். இக்கேள்வி புதிதன்று. 1915-ம் வருஷத்தில் சுப்பிரமணிய சிவத்தின் 'ஞானபாநு' பத்திரிகையில் தமிழின் எழுத்துக் குறைபற்றிப் பாரதியார் எழுத, வ. உ. சிதம்பரம் பிள்ளை மறுமொழி எழுதினார். தேச விடுதலைக்காகத் துன்புற்ற இவ்விருவரும் ஓர் எழுத்தின் ஓசையைப்பற்றி வாதமிடுவதையும் தேச காரியமாகவே கருதினார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

உண்மை யாது? தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை குறை ஒன்றுமில்லை. சொல்லின் முதலிலும், இரட்டித்த இடத்திலும் ககரம் வல்லோசை; 'பக்கம்' என்பதிற் போல. மெல்லினத்தின் பின் அது கனத்து ஒலிக்கும்; 'பங்கு' என்பதிற் போல. உயிர்களின் இடையே நெகிழ்ந்து ஒலிக்கும். 'அகம்' என்பதிற் போல. தமிழ் காதுடையவன் இதை யாரும் சொல்லாமலே அறிவான். இடத்தால் விளங்கும் வேற்றுமைக்குத் தனி எழுத்து வேண்டாமென்று முன்னோர் விட்டது சிக்கனமான அறிவு. இவ்விதியை 1856-ல் கால்டுவெல் பாதிரியாரும் தமது ஒப்பிலக்கணத்தில் எடுத்து விளக்கினார்.

ஆனால், பிறமொழிச் சொல் வரும்போது இடர் உண்டென்பதையும் மறைக்கலாகாது. காந்தி என்னும் திருநாமத்தின் முதலோசைக்கு நம்மிடம் தனி எழுத்தில்லை. பாரதி என்னும் பெயரின் முதலோசைக்கும் இல்லை. பாபத்தைக் குறிக்கும் பாவமும், அபிநயத்திற்குரிய பாவமும் எழுத்தில் ஒன்றே. இதற்காக வரிவடிவத்தைக் கலைக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயமன்று. எந்த எழுத்தும் தன் பாஷைக்கென்று தைத்த சட்டையே. நம் ழகரத்தை எழுத ஆங்கிலத்திலும் ஓர் எழுத்தில்லை; இரண்டு எழுத்துக்களை ஒட்டவைத்து ஒப்பேற்றுகிறார்கள். விஞ்ஞான நூல்களிலும் அகராதிகளிலும் தேவையானபோது ஒலிக்குறி இட்டுக் காட்டினால் போதும். குறை என்று நாணவும் வேண்டா. குறையே இல்லை என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டா.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை

முதியோர் கல்வியில் உழைக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். 1979-ம் வருஷத்தில் ஜோஸே மொராய்ஸ் முதலிய அறிஞர்கள் போர்த்துகல் தேசத்தில் எழுத்தறியாத வயது வந்தோரைச் சோதித்தார்கள். ஒரு சொல்லின் முதலோசையை நீக்கிச் சொல்லும்படி கேட்டபோது அவர்களுள் பெரும்பாலோரால் இயலவில்லை. அதே நிலையிற் பிறந்து, வயது வந்தபின் எழுத்துக் கற்றவர்களால் இயன்றது. எனவே, ஓசையைப் பிரித்தறிவது பிறவியிலேயே வருவதன்று, கற்றால் வருவது என்பது தெளிவு. எந்த வயதிலும் வரக்கூடியது என்பதும் தெளிவு. இராப்பாடசாலையில் ஐம்பது வயதுக் குடியானவர் ஒருவர் எழுத்துக் கூட்டத் திணறினால், அவரை மந்தபுத்தி என்று எண்ணாதீர்கள். அவருக்கு இதுவரை யாரும் ஓசையைப் பிரித்துக் காட்டவில்லை, அவ்வளவே.

செய்ய வேண்டுவன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. எழுத்தைக் காட்டுமுன் நாள்தோறும் கால் மணி நேரம் ஓசை விளையாட்டு நடக்கட்டும். 'கடல்' என்பதில் முதலோசை எது? மகரத்தில் தொடங்கும் சொல் மூன்று சொல்; 'மலை'க்கு எதுகை சொல் என்று கேட்கட்டும். எழுத்தின் பெயரோடு நில்லாமல், அது வாயில் எங்கே பிறக்கிறது என்பதையும் ஆசிரியர் காட்டட்டும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் பிறப்பியல் பரீட்சைப் பாடமாக மட்டுமன்றிக் கைவேலையாகவும் இடம் பெறட்டும். 2021-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய அடிப்படைக் கல்வித் திட்டமும், 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் மூன்றாம் வகுப்புக்குள் வாசிப்பு கைவரவேண்டும் என்ற நோக்கமுடையவை. நோக்கம் நன்று. அது கைகூடுவது அச்சிட்ட ஏடுகளால் அன்று. வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் நாவாலும், அமர்ந்திருக்கும் பிள்ளையின் காதாலுமே.

மொழிப்பற்றைப் பற்றி மேடைகளில் நாம் முழங்குவது மிகுதி. அம்முழக்கம் முடிந்ததும், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குச் சென்று, ஒரு பிள்ளையை அருகில் அழைத்து, ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்போமாக. அது தடுமாறினால், குற்றம் பிள்ளையினுடையதன்று, நம்முடையது. தடுமாறாமற் படித்தால், தமிழ் வாழ்கிறது என்பதற்கு அதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.